கம்பளிக்கு அடியில கையை விட்டுப் பாரு

வா கண்ணு, இப்படி உக்காரு. அம்மிணி, நீயும் வா. அந்தப் போனைக் கவுத்தி வெய்யி. சனிக்கிழமை கார்ப்பெட் கடையில அப்பாரு மானத்தை வாங்கிப்போட்டாருன்னு ரெண்டு பேரும் நெளிஞ்சீங்களே, அந்தப் பழமையைத்தான் பேசப் போறேன். புது வூட்டுக் கார்ப்பெட்டுக்குத் திங்கக்கிழமை அட்வான்ஸ் கட்டறீங்களாமா. கட்டுங்க, உங்க காசு. எனக்கென்ன, வெளிய போனாக் கூதலு, உள்ள இருந்தா டிவியில ஒருத்தன் கேக்கு சுட்டுக்கிட்டே இருக்கான். பொழுது போகோணுமில்ல, அதுக்காக ரெண்டு வார்த்தை.

இந்த இங்கிலாந்துல காசுக்குப் பேரே பவுனு. நம்மூர்ல பவுனைக் கழுத்துல போடுவோம். நீங்க தரையில விரிச்சு மிதிக்கப் போறீங்க. நல்லாருங்க.

நானு குரும்பாடு மேய்ச்சவன். வருசத்துக்கு ரெண்டு தடவை மயிரு கத்திரிப்போம். மூஞ்சியைச் சுளிக்காத அம்மிணி, ரோமம்னுதான் சொல்லோணும்னு எனக்கும் தெரியும், ஆட்டுக்குத்தான் தெரியாது. அதை நூத்து, பாவுக்குப் புளியங்கொட்டைக் கஞ்சி போட்டு நெஞ்ச கருப்புக் கம்பளிதான் எங்களுக்கு மழைக்குக் கொங்காடை, ராத்திரிக்குப் போர்வை, பட்டிக் காவலுக்குப் படுக்கை. உன்ற அப்பன் காலேஜுக்குப் போனப்ப ஒண்ணு கொடுத்தனுப்பினேன். ஆட்டு நாத்தம் அடிக்குதுன்னு ஈரோட்டு பஸ் ஸ்டாண்டு பெஞ்சுலயே விட்டுட்டுப் போயிட்டான். அவன் பெத்த புள்ளை நீ, அதே ஆட்டு மயிரு சதுர மீட்டர் 40 பவுனுன்னு அந்தக் கடைப் பையன் சொன்னதும் ‘ரொம்ப நியாயமான வெலை’ங்கற. ஆடு சிரிக்கும் கண்ணு.

போன வாரம் காப்பி குடிக்கக் கூட்டிட்டுப் போனியே, டீன் கிளஃப்னு, ஊருக்கு நடுவுல அத்தாப் பெரிய கல்லுக் கட்டடம். அது என்னன்னு தெரியுமா? கிராஸ்லி கம்பெனியோட கார்ப்பெட் மில்லு. ஒரு காலத்துல ஒலகத்துலயே பெரிய கார்ப்பெட் மில்லுன்னு பேரெடுத்தது. 1980க்கு அப்புறம் மூடிப்போட்டாங்க. இந்த ஹாலிஃபாக்ஸே கம்பளியில பொழைச்ச ஊரு. இங்க குடியிருந்துக்கிட்டு கம்பளி வாங்கத் தெரியலீன்னா ஊரு சிரிக்காது?

வெள்ளைக்காரனும் இந்த விசயத்துல ஏமாந்தவன்தான். அவங்க பார்லிமென்ட்டு மேல்சபையில தலைவரு உக்கார்றது நாக்காலியில்ல, கம்பளி அடைச்ச செவப்பு மெத்தை. நாட்டோட செல்வமே இதுலதான் இருக்குதுன்னு எல்லாருக்கும் தெரியட்டும்னு 14-ஆம் நூற்றாண்டுல போட்டதாம். 1938-ல பிரிச்சுப் பாத்தா உள்ள இருந்தது குதிரை மயிரு! எத்தனை பெரிய மனுசங்க அதும்மேல உக்காந்து சட்டம் பேசினாங்களோ. அப்புறம்தான் நெசமான கம்பளியை அடைச்சாங்க. மேல்துணியைப் பாத்து மயங்கறவன் அங்கயும் இருக்கான். நீ சனிக்கிழமை மயங்கினதுல தப்பே இல்லை.

சரி, கடைக்கு வருவோம். அந்தப் பையன் நல்ல பையன், பொழைக்கத் தெரிஞ்சவன். சாம்பிள் புத்தகத்தை விரிச்சான், அம்மிணி கையால தடவினா, மெத்துன்னு இருக்குதுன்னா, முடிஞ்சுது வியாபாரம். ஆட்டைத் தடவிப் பாத்து வாங்கினவன் எவனாவது உருப்பட்டிருக்கானா? சந்தையில எப்படிப் பாப்போம்? வெலாவுல மயிரை ரெண்டு பக்கமும் வகுந்து, அடியில தோல் தெரியுதா, எவ்வளவு அடர்த்தியா மொளைச்சிருக்குதுன்னு பாப்போம். அதைத்தான் நான் அங்க செஞ்சேன். சாம்பிளை வெளிப்பக்கமா மடக்கினேன். வளைஞ்ச எடத்துல இழைக்கு நடுவுல அடித்துணி பல்லைக் காட்டுச்சு. நீங்க ஆசைப்பட்ட அந்த மொதல் சாம்பிள்தான். அதுக்குப் பக்கத்துல இருந்ததை மடக்கினா, துணி கண்ணுக்கே தெரியலை. அதுதான் வாங்கற ஆடு.

ரெண்டு இழையைப் புடுங்கி வெளிய கொண்டுபோய்த் தீக்குச்சி வெச்சேன்ல, அப்பத்தான் நீ எனக்கும் உனக்கும் சம்பந்தமே இல்லாதவனாட்டம் காரு பக்கம் போயிட்ட. ஆட்டுத்தலையை வாட்டறப்ப ஒரு வாடை வருமே, அது வந்துச்சு. சாம்பல் விரல்ல நொறுங்குச்சு, ஆனா ஊடால கெட்டியா ஒரு பொட்டு நின்னுச்சு. அது நைலான். இங்க வழக்கமா விக்கறது நூத்துக்கு 80 கம்பளி, 20 நைலான். அது மோசடியில்ல கண்ணு, வேணும்னுதான் கலக்கறாங்க. கம்பளி மிதிச்சா மறுபடி எந்திரிக்கும், நைலான் தேய்மானத்தைத் தாங்கும். மாமியாளும் மருமவளும் ஒத்துமையா இருக்கற குடும்பமாட்டம். பிளாஸ்டிக் கார்ப்பெட்டா இருந்தா தீ பட்டதும் உருகிச் சொட்டியிருக்கும். கம்பளி அத்தனை லேசுல பத்தாது, பத்தினாலும் தானா அணையப் பாக்கும்.

அப்புறம் அவுன்ஸ். அந்தப் பையன் 30, 40, 50ன்னு ஏலம் விட்டானே, அது ஒரு சதுர கெஜத்துல மேல நிக்கற நூலோட எடை. படுக்கை அறைக்கும் மத்த அறைக்கும் 40 போதும். மாடிப்படிக்கும் நடைக்கும் 50 போடோணும். உன்ற மவன் படியில எறங்கறானா, உருண்டு வர்றானான்னு எனக்கே தெரியலை, அங்கதான் மொதல்ல தேயும். இன்னொண்ணு, நூலை வளையம் வளையமா விட்டிருக்கற லூப் கார்ப்பெட்டு அம்மிணிக்குப் புடிச்சிருக்குதாமா. வாங்குங்க, அதுக்கு முந்தி உங்க பூனையைக் கேட்டுக்குங்க. ஒரு வளையத்துல நகத்தை மாட்டிச்சுன்னா வரப்புல கொடியை இழுத்தாப்பல வரிசையா உருவிக்கிட்டே வரும். பூனை இருக்கற வூட்டுக்கு முறுக்குநூல் கார்ப்பெட்டுதான் சரி. நுனி வெட்டின ட்விஸ்ட்டும்பாங்க.

இப்ப நான் எதுக்கு உங்களை உக்கார வெச்சேனோ அதுக்கு வர்றேன். கார்ப்பெட்டுக்கு அடியில விரிக்கற அண்டர்லே ‘இலவசம்’னு அந்தப் பையன் சொன்னதும் ரெண்டு பேரு மூஞ்சியிலயும் தீவாளி தெரிஞ்சுது. எதுனா இலவசம்னு ஒருத்தன் சொன்னா, அதை எடுத்துக் காட்டச் சொல்லோணும். நான் சொன்னேன். அவன் தேடறாப்பல தேடி, கடைசியில ஒரு துண்டைக் கொண்டாந்தான். 6 மில்லிப் பஞ்சு. கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவுல வெச்சு அமுக்கினேன், ரெண்டு விரலும் ஒண்ணோட ஒண்ணு பேசிக்கிச்சு. நீங்க 40 பவுனு கொடுத்து வாங்கற கம்பளி, உங்க பையன் குதிக்கறப்பெல்லாம் அந்தப் பஞ்சைத் தாண்டி நேரா தரையில போயி இடிபடும். ரெண்டு வருசத்துல நடந்த தடம் ஒத்தையடிப் பாதையாத் தெரியும். அப்ப கம்பளி சரியில்லைன்னு ஆட்டைத் திட்டுவீங்க.

உன்ற ஆத்தா ஒறம்பரைக்குப் பவானி ஜமுக்காளம் விரிக்கறப்ப அடியில கோரப்பாயைப் போட்டுத்தான் விரிப்பா. வெறும் சிமிட்டித் தரையில போட்டா நூல் அறுந்துபோகும், சில்லுன்னும் இருக்கும்பா. அவ அண்டர்லேன்னு பேரு வெக்கலை, அவ்வளவுதான்.

அதனால இலவசம் வேண்டாம்னு சொல்லிப்போட்டு, காசு கொடுத்து நல்லதா வாங்குங்க. பலவண்ணத் துணுக்கை அமுக்கி ஒட்டின பஞ்சு ஒண்ணு உண்டு, பழைய டயரை அரைச்சுச் செஞ்ச ரப்பர் ஒண்ணு, கம்பளி நாரையும் சணல் நாரையும் அமுக்கின ஃபெல்ட் ஒண்ணு. படுக்கை அறைக்கு 9, 10 மில்லிப் பஞ்சு நல்லாருக்கும். ஆனா உசரமா இருந்தா ஒசத்தின்னு நெனச்சுப்போடாத. அமுக்கினா எதுத்து நிக்கோணும், அதுதான் கணக்கு. படிக்குத் தடிமன் கொறைவா, இறுக்கமா வேணும். மெத்தையாட்டம் போட்டா ஒவ்வொரு படி முனையிலயும் கார்ப்பெட்டு அலைஞ்சு அலைஞ்சு தேயும், எனக்குக் காலு வழுக்கும். நான் விழுந்தா அப்புறம் எவனையும் சாம்பிள் பாக்கக் கூப்பிட முடியாது.

கடையில ரெண்டு துண்டு அண்டர்லேயைப் பக்கத்துல பக்கத்துல போட்டு, மேல ஒரே கார்ப்பெட்டு சாம்பிளை வெச்சு, பூட்ஸைக் கழட்டிட்டுக் குதிகாலை ஊனி நின்னு பாருங்க. அம்மிணியும் நிக்கட்டும். குதிகாலுக்குப் பொய் சொல்லத் தெரியாது.

காசுக் கணக்குக்கு வர்றேன். அந்த நடுத்தர அறை 4.2 மீட்டருக்கு 3.6. கார்ப்பெட்டு உருளை 4 மீட்டர், 5 மீட்டர் அகலத்துல வருது. பையன் 5 மீட்டர் உருளைதான் வேணும்னு 18 சதுர மீட்டர் எழுதினான். நீ தலையாட்டின, எஞ்சினியரு வேற. 4 மீட்டர் உருளையைத் திருப்பிப் போட்டுப் பாரு. அகலம் 3.6-க்கு 4 போதும், நீளம் 4.2 வெட்டினா 16.8 சதுர மீட்டர்தான். ஒட்டும் கெடையாது. பக்கத்து அறைக்கும் அதே கார்ப்பெட்டுன்னா மட்டும் ரெண்டுலயும் மயிரு ஒரே பக்கம் சாய்ஞ்சிருக்கோணும். இல்லாட்டி வாசப்படியில நின்னு பாத்தா ஒண்ணு வெளுப்பா, ஒண்ணு கருப்பாத் தெரியும். ஆட்டைத் தலைப்பக்கம் இருந்தும் வால்பக்கம் இருந்தும் பாத்தவனுக்கு இது புதுசில்லை.

அவசரப்படாதீங்கன்னு இன்னொரு காரணத்துக்கும் சொல்றேன். புது வூடு. கான்கிரீட்டுக்கு மேல பூசின பூச்சு காய்ஞ்சிருக்குதா? 50 மில்லி வரைக்கும் மில்லிக்கு ஒரு நாள்னு கணக்கு, அதுக்கு மேல இன்னும் மெதுவாத்தான் காயும். ஈரமானியை வெச்சுப் பாத்து 75 சதவீதத்துக்குக் கீழ வந்தப்புறம்தான் மேல எதையும் விரிக்கலாம்பாங்க. ஈரத்து மேல கம்பளியைப் போட்டா, மழையில நனைஞ்ச கெடாயோட ஒரே அறையில படுத்தாப்பல இருக்கும். நான் படுத்திருக்கேன், அதனால தெரியும்.

கீழ்த்தளத்துல தரைக்கு அடியில சூடு ஓடுதுன்னு பீத்திக்கிட்டீங்க. சரி, அடியில அடுப்பு மூட்டிப்போட்டு மேல கம்பளியைப் போத்தினா சூடு எங்க வரும்? அதுக்குத்தான் டாக்னு ஒரு கணக்கு வெச்சிருக்கான், உங்க ரசாய்க்கு இருக்கற அதே கணக்கு. கார்ப்பெட்டும் அண்டர்லேயும் சேத்து 2.5 டாக்குக்கு மேல போகக் கூடாது. அங்க மட்டும் சூடு விடற மெல்லிசான அண்டர்லேயைத் தனியாக் கேளுங்க. மேல்மாடிக்கு ஒண்ணு, கீழுக்கு ஒண்ணு. ஒரே பில்லுல ‘அண்டர்லே’ன்னு ஒத்தை வரியில எழுதினா, பேனாவைத் திருப்பிக் கொடுத்துருங்க.

நெறம். அம்மிணி, பாலாடை நெறந்தான் வேணும்னு ஒத்தைக்கால்ல நிக்கற. உன்ற சமையல்ல மஞ்சத்தூள் இல்லாத நாளு எது? கம்பளிக்குச் சாயம் போடறவங்களைக் கேளு, மஞ்சள் ஒட்டறதுக்குப் படிகாரங்கூட வேண்டாம், தொட்டாப் புடிச்சுக்கும். ஒரு கரண்டி சாம்பார் போதும், பாலாடை கல்யாணப் பத்திரிகை ஆயிரும். அப்படியே சிந்தினா ஒத்தி எடு, தேய்க்காத, பச்சைத்தண்ணி போதும், ப்ளீச்சு பக்கமே போகாத, கம்பளியைத் தின்னுபோடும். ஒரு நல்ல காலம், மஞ்சக் கறை வெயிலுக்கு வெளுக்கும். ஹாலிஃபாக்ஸ் வெயிலை நம்பி வேணா வெளுக்க வெச்சுக்க. என்னைக் கேட்டா, சாப்பிடற எடத்துல கார்ப்பெட்டே வேண்டாம், ஓடு போதும். பால் காய்ச்சறதுக்கு முந்தி கார்ப்பெட்டு விரிக்கற ஃபிட்டரைக் கூப்பிடவும் வேண்டாம். பால் பொங்கோணும், பொங்கி கம்பளியில எறங்கக் கூடாது.

போட்ட புதுசுல பஞ்சு பஞ்சா உதிரும். ஏமாத்திப்போட்டான்னு கடைக்குப் போன் போடாதீங்க, வெட்டின நூல்ல மிஞ்சின துணுக்குதான், கொஞ்ச நாள்ல அடங்கும். பூச்சிக்குத்தான் பயப்படோணும். அந்துப்பூச்சி கண்ணுக்குத் தெரியற எடத்துல தின்னாது, அதுக்கும் வெக்கம் இருக்குது. சோபாவுக்கு அடியில, பீரோவுக்குப் பின்னால, சுவத்தோரமா இருட்டுல அதோட புழு உக்காந்து மேயும். நாங்க மடிச்ச கம்பளிக்குள்ள வசம்பு வெப்போம். நீங்க மாசம் ஒருக்கா அந்த சோபாவை நகத்தி மெசினைப் போடுங்க. நகத்தறது எஞ்சினியரு வேலை.

இதையெல்லாம் சொன்னா, ‘அப்பாரு, இந்த ஊரு ஆடு வேற’ங்கற. ஆமா, வேறதான். மலை ஆடு, மயிரு முரடு, தோல்ல பட்டா அரிக்கும், அதனாலதான் சட்டைக்கு ஆகாது, கார்ப்பெட்டுக்கு ஆகும். இந்த மலையில ஆடு வெச்சிருக்கறவனுக்கு மயிரு வித்த காசு கத்திரிக்கற கூலிக்கே பத்தறதில்லை. நீ கொடுக்கற 40 பவுனுல அவனுக்கு எத்தனை போகுதுன்னு கேக்காத, ராத்திரி தூக்கம் வராது.

திங்கக்கிழமை போறப்ப என்னையும் கூட்டிட்டுப் போங்க, இந்தத் தடவை தீப்பெட்டியை வூட்டுல வெச்சுட்டு வர்றேன். போட்டு முடிச்சதும் மிச்சம் விழற துண்டை ஃபிட்டர் வண்டியில ஏத்த விட்டுறாதீங்க, அது உங்க காசு. பெரிய துண்டு ஒண்ணை மாடிப்படிக்கு அடியில சுருட்டி வெய்யிங்க, எங்கயாவது பொசுங்கிப் போனா வெட்டி ஒட்டறதுக்கு. சின்னத் துண்டு ஒண்ணு எனக்கு வேணும். சித்திரையில ஊருக்குப் போறப்ப எடுத்துட்டுப் போறேன், பட்டிநாய் படுக்கறதுக்கு. அடியில போட அண்டர்லேயும் ஒரு துண்டு.