மொட்டை மாடியில் பாய்மரம்

செம்பூரில் காற்று எந்தப் பக்கமிருந்து வீசுகிறது என்று பார்க்கக் கருவி வேண்டாம், மூக்கு போதும். பெட்ரோல் வாடை வந்தால் மாஹுல் எண்ணெய் ஆலைப் பக்கம். குப்பை புகைகிற வாடை வந்தால் தேவ்னார் பக்கம். வாடை எதுவும் இல்லாமல் மாலையில் ஈரமாக முகத்தில் பட்டால் மேற்கேயிருந்து வரும் கடற்காற்று. அன்றைக்கு மட்டும் ஜன்னலைத் திறப்போம். பாய்மரப் படகு வகுப்பில் சேர்ந்த என் மகளிடம் காற்றின் திசையை எப்படிக் கண்டுபிடிப்பாய் என்று பயிற்சியாளர் கேட்டபோது அவள் கண்ணை மூடி மூச்சை இழுத்துவிட்டுப் பதில் சொன்னாளாம். அந்தப் பெருமையில்தான் நான் கெட்டேன்.

அவள் கற்றது ஆப்டிமிஸ்ட் என்கிற குட்டிப் படகில். உலகம் முழுக்கக் குழந்தைகள் இதில்தான் அரிச்சுவடி படிக்கிறார்கள். 1947ல் ஃபுளோரிடாவில் கிளார்க் மில்ஸ் என்பவர், சாதாரணக் குடும்பத்துப் பிள்ளைகளும் ஓட்டட்டும் என்று, வீட்டிலேயே ப்ளைவுட்டை அறுத்து ஆணியடித்துச் செய்யும்படி வரைந்து கொடுத்த படகு. ஆணியடித்துச் செய்யலாம் என்று படித்ததும் எனக்கு ஒரு துடிப்பு. ஆனால் பாப்பாவுக்கு அதற்குள் வேறு ஆசை வந்துவிட்டது. பலகை மேல் நின்றுகொண்டு, பாயைக் கையால் பிடித்துப் போகிறார்களே, விண்ட்சர்ஃபிங், அது வேண்டுமாம்.

எனக்கும் ஆட்சேபணை இல்லை. சென்னைப் பெண் நேத்ரா குமணன் பாய்மரப் படகில் டோக்கியோ ஒலிம்பிக்ஸ் வரை போயிருக்கிறார். வேலூர்க்காரர் விஷ்ணு சரவணன் 2023ல் ஹாங்சௌ ஆசிய விளையாட்டில் வெண்கலம் வாங்கினார். அதே போட்டியில் விண்ட்சர்ஃபிங்கில் வெண்கலம் வாங்கிய ஈபாத் அலி போபால் ஏரியில் பழகியவர். போபாலில் கடல் கிடையாது. செம்பூரில் இல்லாத கடலைப் பற்றி நான் ஏன் கவலைப்பட வேண்டும்?

கவலைப்பட வேண்டியது எடையைப் பற்றி. வகுப்பில் இருந்தவை பெரியவர்களுக்கான பாய்கள். பாய் தண்ணீரில் விழுந்தால் கயிற்றைப் பிடித்து இழுத்து நிமிர்த்த வேண்டும். இரண்டு சதுர மீட்டர் பாய் மேல் ஐந்து சென்டிமீட்டர் தண்ணீர் நின்றால் அதுவே நூறு கிலோ. நுனியைத் தூக்கித் தண்ணீரை வடியவிட்டு மெதுவாகத்தான் இழுப்பார்கள் என்றாலும், பள்ளிக்கூடப் பையையே என் தோளில் மாட்டிவிடுகிற பிள்ளை இதை எப்படி இழுக்கும்? குழந்தைகளுக்கென்று சின்னப் பாய் இருக்கிறது. வெளிநாட்டிலிருந்து வரவேண்டும். விலையைக் கேட்டேன். வீட்டிலேயே செய்துவிடுவது என்று முடிவு செய்தேன்.

என் கட்சிக்கு நீதிமன்றத் தீர்ப்பே இருந்தது. 1958ல் இங்கிலாந்தின் ஹேலிங் தீவில் பீட்டர் சில்வர்ஸ் என்று ஒரு பையன். தானாகவே ஒரு பலகையில் பாயை நட்டு, மரம் எந்தப் பக்கமும் சாய்கிறபடி மூட்டு வைத்து ஓட்டியிருக்கிறான். பத்து வருஷம் கழித்து கலிஃபோர்னியாவில் ஹாய்ல் ஷ்வைட்சர், ஜிம் டிரேக் என்ற இருவர் இதே மாதிரிச் செய்து காப்புரிமைக்கு விண்ணப்பித்து வாங்கினார்கள். நடுவில் 1965ல் அமெரிக்காவின் நியூமன் டார்பி, பாய் நட்ட பலகையை வீட்டில் செய்யும் முறையைப் பத்திரிகையிலேயே எழுதிவிட்டார். கலிஃபோர்னியாக் கம்பெனி இங்கிலாந்தில் ஒரு தயாரிப்பாளர் மேல் வழக்குப் போட்டது. எதிர்த்தரப்பு அந்தப் பையனின் கதையைக் கொண்டுவந்து நிறுத்தியது. 1985ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் காப்புரிமையைத் தள்ளிவிட்டது. காப்புரிமை வக்கீல்கள் இன்றைக்கும் மேற்கோள் காட்டும் தீர்ப்பு.

இதை நான் இரவுச் சாப்பாட்டின்போது மனைவியிடம் உணர்ச்சியுடன் விளக்கினேன். அவள் ரசத்தை ஊற்றிக்கொண்டே கேட்டாள்: "அந்தப் பையனுக்கு அப்ப என்ன வயசு?"

"பன்னிரண்டு."

"உங்களுக்கு?"

மேற்கொண்டு வழக்கு நடக்கவில்லை.

பாய் தைக்க தாராவிக்குப் போனேன். அங்கே எனக்கு ஓர் அண்ணாச்சி உண்டு. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து சின்ன வயதில் வந்து, 90 அடி சாலைக்கு உள்ளே ஒரு சந்தில் தையல் கடை வைத்திருப்பவர். தாராவியில் தோல், பை, துணி, பிளாஸ்டிக் என்று கிடைக்காத மூலப்பொருள் கிடையாது. பாய்மரத்துக்கென்று ஒரு கடைதான் கிடையாது. அண்ணாச்சி யோசித்துவிட்டு உள்ளேயிருந்து ஒரு ஃபிளெக்ஸ் பேனரை இழுத்துப் போட்டார். உள்ளூர்த் தலைவர் ஒருவருக்குப் பிறந்தநாள் முடிந்து இரண்டு வாரம் ஆகியிருந்தது. கும்பிட்ட கையும் சிரித்த முகமுமாகத் தரையில் படுத்திருந்தார்.

உயரம் 2.3 மீட்டர், அடி அகலம் 1.3 மீட்டர். முக்கோணமாக வெட்டினால் ஏறக்குறைய ஒன்றரை சதுர மீட்டர். அளவைச் சுண்ணக்கட்டியால் போட்டேன். அண்ணாச்சி என் கோட்டைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்.

"என்ன தம்பி, தட்டையா வெட்டச் சொல்லுதிய? பாய்க்கு வயிறு வேண்டாமா? காத்து எங்க நிக்கும்? ரவிக்கைக்குப் பிடிக்கிற மாதிரி ஒரு டார்ட் பிடிச்சாத்தான் அமையும்."

அசந்துபோனேன். பாய் தைப்பவர்கள் செய்வதும் அதைத்தான். துணிகளை இணைக்கும் தையலில் கொஞ்சம் கொஞ்சமாக உள்வாங்கி, மரத்தோடு சேரும் விளிம்பை லேசாக வளைத்து வெட்டி, பாய்க்குத் தொப்பை வரவழைப்பார்கள். அந்தத் தொப்பைதான் காற்றை இழுவையாக மாற்றுகிறது. நான் இரவெல்லாம் விழித்துப் படித்தது அண்ணாச்சிக்கு ரவிக்கை தைத்ததிலேயே வந்திருந்தது. தையலையும் நேராகப் போடாமல் ஜிக்ஜாகாகப் போட்டார். துணி இழுபடும்போது நூல் அறாதாம், அதுவும் சரி. டார்ட் பிடித்து முடித்தபோது பாய்க்கு வயிறு வந்திருந்தது. தலைவருக்கும் வந்திருந்தது.

மரத்துக்கு நான் பி.வி.சி. குழாய் என்றேன். அண்ணாச்சி மூங்கில் என்றார். மூங்கிலுக்குக் கணுவுக்குக் கணு அடைப்பு இருக்கிறது, தண்ணீர் ஏறாது, மிதக்கும். குழாய் என்றால் இரண்டு முனையையும் அடைக்க வேண்டும், வளையும் வேறு. அங்கேயும் நான் தோற்று, ஒன்பது அடி மூங்கிலோடு ஆட்டோ ஏறினேன். இரண்டு பக்கமும் வெளியே நீட்டிக்கொண்டு, சயன் சர்க்கிளில் போகிற வருகிற ஜனம் முழுவதும் எனக்கு வழிவிட்டது. என் வாழ்க்கையில் அவ்வளவு மரியாதை கிடைத்தது அன்றைக்குத்தான்.

மாட்டுங்காவில் இருக்கும் மாமனாரிடம் ஒரு பழைய பிரம்புச் சாய்வு நாற்காலி உண்டு. கைப்பிடிக்கு, அதாவது பாயின் இரு பக்கமும் வளைந்து வரும் பூமுக்கு, வளைந்த பிரம்பு வேண்டும். நாற்காலியை நான் பார்த்த பார்வையிலேயே அவர் எழுந்திருக்காமல் உட்கார்ந்துகொண்டார். "மாப்பிள்ளை, 1982ல ஏஷியாட் டெல்லியில நடந்தது. படகுப் போட்டி மட்டும் இங்க பம்பாய்ல. ஃபயர்பால் கிளாஸ்ல ஃபரோக் தாராபூரும் ஸரீர் கராஞ்சியாவும் நமக்குத் தங்கமே வாங்கினாங்க. மாட்டுங்காவுல ஒருத்தன் போய்ப் பார்க்கல. எல்லாரும் கலர் டி.வி.ல ஹாக்கி பார்த்துட்டு, பாகிஸ்தான்கிட்ட ஏழு கோல் வாங்கி அழுதுட்டிருந்தோம்." இதைச் சொல்லி முடிக்கும்வரை நாற்காலியின் கையை விடவில்லை. கடைசியில் பிரம்பு வேலை செய்பவரிடம் புதுப் பிரம்பையே வாங்கிச் சூடுகாட்டி வளைத்தேன்.

மூட்டுதான் இதில் உயிர்நிலை. விண்ட்சர்ஃபிங் பலகைக்குச் சுக்கான் கிடையாது. பாயை முன்னால் சாய்த்தால் பலகையின் மூக்கு காற்றைவிட்டு விலகும், பின்னால் சாய்த்தால் காற்றை நோக்கித் திரும்பும். அதனால் மூட்டு எல்லாத் திசையிலும் மடங்கி, ஆனால் அறாமல் இருக்க வேண்டும். குர்லா சி.எஸ்.டி. சாலையில் பழைய வண்டிச் சாமான் கடைகளில் அலைந்து, என்ஜினுக்கு அடியில் வைக்கும் ரப்பர் மவுண்டிங் ஒன்றைப் பிடித்தேன். எந்த வண்டிக்கு என்று கடைக்காரர் கேட்டார். விண்ட்சர்ஃபிங்குக்கு என்றேன். அந்த மாடல் பார்ட்ஸ் இப்போது வருவதில்லை என்றார்.

பலகையையும் நானே செய்வதாகத்தான் இருந்தேன். ஃபிரிட்ஜ் வந்த பெட்டியின் தெர்மோகோலை ஒட்டி, மேலே ஃபைபர் துணி போட்டு, பாலியெஸ்டர் ரெசினைப் பூசினேன். தெர்மோகோலைப் பாலியெஸ்டர் ரெசின் கரைத்துவிடும், எபாக்ஸி கரைக்காது. கண்ணெதிரில் பலகை உள்ளுக்குள் உருகிக் குழிந்தது. வகுப்பில் பழைய பலகை ஒன்றைக் கேட்டுப் பார்க்கலாம் என்று மனைவி சொன்னாள். வீட்டுக் கணக்கு நோட்டில் 'படிப்புச் செலவு' என்று எழுதி, பக்கத்தில் சின்ன எழுத்தில் 'அப்பா' என்று சேர்த்திருக்கிறாள்.

முதல் சோதனை எங்கள் சொசைட்டி மொட்டை மாடியில். ஸ்கூட்டர் டியூப் மேல் ஒரு பலகை, பலகையில் மூட்டு, மூட்டில் மரம், மரத்தில் தலைவர். பாப்பா கயிற்றை இழுத்தாள். பாய் எழுந்தது. மேற்குக் காற்று நிரம்பியதும் தலைவர் செம்பூரைப் பார்த்துக் கும்பிட்டபடி உயர்ந்தார். எதிர்க் கட்டடத்தில் ஒருவர் பதிலுக்குக் கும்பிட்டார். நான் கைதட்டுவதற்காக மரத்தை விட்டேன். அடுத்த நொடி பாய் அப்படியே காற்று போகும் பக்கம் சாய்ந்து, சொசைட்டி மாமி ஒருவர் காயப்போட்டிருந்த ஜவ்வரிசி வடாத்தின் மேல் குப்புற விழுந்தது. எடுத்து நிறுத்தியபோது முகம் முழுக்க வடாம்.

மாமி வந்து பார்த்தார். "குழந்தைக்கு அடி படலையே? அது போதும். ஆனா இந்த மூஞ்சில ஒட்டினத நான் பொரிக்க மாட்டேன்."

மறுநாள் செக்ரட்டரி போர்டில் அறிவிப்பு ஒட்டினார்: மொட்டை மாடியில் படகு, கப்பல் முதலியவற்றை ஓட்டுவது தடை செய்யப்பட்டுள்ளது. மும்பையின் சொசைட்டி வரலாற்றில் இப்படி ஒரு விதி வேறெங்கும் இருக்காது என்று நினைக்கிறேன்.

ஃபிளெக்ஸ் கனம் என்று தெரிந்துவிட்டதால், கடலுக்குப் போகும் முன் அண்ணாச்சி பை தைப்பவரிடமிருந்து பாராசூட் துணி வாங்கி, அதே அளவில் புதுப் பாய் தைத்தார். மதியத்துக்கு மேல்தான் வகுப்பு. காலையில் நிலக்காற்று பிள்ளைகளைக் கடலுக்குள் தள்ளும், பிற்பகல் கடற்காற்று கரைக்குத் தள்ளும். பயிற்சியாளர் என் சாதனத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். யார் செய்தது என்று கேட்டார். நெஞ்சை நிமிர்த்தி, நான்தான் என்றேன். யாரைக் கேட்டுச் செய்தீர்கள் என்றார். பிறகு மூட்டைக் காலால் மிதித்துச் சோதித்து, அது பிய்ந்தாலும் மரம் பலகையைவிட்டுப் போகாதபடி ஒரு கயிற்றைக் கட்டினார். நீச்சல் தெரியாத நான் கணுக்கால் தண்ணீரில் நின்று கட்டளைகள் பிறப்பித்தேன்.

பாப்பா விழுந்தாள், ஏறினாள், விழுந்தாள். ஒரு தடவை பாய் நின்றது. அவளும் நின்றாள். பலகை நகர்ந்தது, என் கட்டளைக்கு நேர் எதிர்த் திசையில். மூங்கில் மிதந்தது, பிரம்பு தாங்கியது, ரப்பர் அறவில்லை. பாய்தான் போகப் போக இழுபட்டுத் தொங்கிவிட்டது. நைலான் நீளும். அதனால்தான் பாய்க்குப் பாலியெஸ்டர் துணி, டாக்ரான், போடுகிறார்கள். பை தைக்கும் துணியில் தைத்தது பையாகவே ஆகிவிட்டது என்றார் பயிற்சியாளர். காற்றை எதிர்த்து அவளால் வர முடியவில்லை. கரையோரமாக ஒதுங்கி இறங்கி, பலகையை இழுத்துக்கொண்டே நடந்து வந்தாள். வந்ததும் கேட்டது, மறுபடி எப்போது என்று.

ஜூனில் மழை வந்து கடல் வகுப்பு மூடிவிட்டது. ஒழுகுகிற பால்கனிக்கு இப்போது தலைவர்தான் கூரை. செய்து பார்க்க நினைக்கும் பெற்றோருக்கு: மூங்கிலும் பிரம்பும் ரப்பரும் நம் ஊரிலேயே கிடைக்கும், தாராளமாகச் செய்யுங்கள். லைஃப் ஜாக்கெட்டை மட்டும் நல்ல கடையில் காசு கொடுத்து வாங்குங்கள், அதில் கைவேலை வேண்டாம். அக்டோபருக்குள் பாப்பா இன்னும் வளர்ந்துவிடுவாள், இரண்டு சதுர மீட்டராவது வேண்டியிருக்கும். பழைய டாக்ரான் துணி வைத்திருப்பவர்கள் தயவுசெய்து தெரிவிக்கவும். ஃபிளெக்ஸ் வேண்டாம், யாருடைய பிறந்தநாளாக இருந்தாலும்.