சுருதி இருபத்திரண்டு, சுண்டல் ஒரு பொட்டலம்

1987இல் நான் இசையியலில் எம்.ஃபில். சேர்ந்தேன். சேதி தெரிந்ததும் தெருவில் அத்தனை பேரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள்: "அப்ப நல்லா பாடுவியா?"

"பாடறது வேற, இது வேற பெரியம்மா. இது பாட்டைப் பத்தின படிப்பு."

பெரியம்மா கொஞ்சம் யோசித்தார். "சமைக்கத் தெரியாதவ சமையல் புஸ்தகம் எழுதற மாதிரியா?"

அதை மறுக்கத்தான் ஆய்வேட்டுக்குப் பதினெட்டுப் பக்கம் முன்னுரை எழுதினேன். பெரியம்மா அதைப் படிக்கவில்லை.

அந்த வருஷமே பெண் பார்க்க வந்தார்கள். பாடச் சொன்னார்கள், பாடினேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். பாடியது கல்யாணி, அது 65ஆவது மேளம், 72 மேளத் திட்டத்தை வகுத்தவர் 17ஆம் நூற்றாண்டு வேங்கடமகி என்பதையெல்லாம் சேர்த்துச் சொன்னேன். பஜ்ஜியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தார்கள். அந்த வரன் தட்டிப்போனது.

அப்போது ஒரு புத்தகத்தைப் பார்க்க வேண்டுமென்றால் பஸ் ஏற வேண்டும். சுப்பராம தீட்சிதர் 1904இல் எட்டயபுரத்திலிருந்து வெளியிட்ட 'சங்கீத சம்பிரதாய பிரதர்சினி'க்குத் தமிழ்ப் பதிப்பு வந்துவிட்டிருந்தது. ஆனால் என் நெறியாளர், "மூலத்தைப் பார்க்காமல் மேற்கோள் காட்டாதே" என்று சொல்லிவிட்டார். மூலம் தெலுங்கு எழுத்தில். மூன்று மாதம் உட்கார்ந்து எழுத்தைக் கற்றுக்கொண்டேன். அந்த உழைப்பு வீண் போகவில்லை. திருப்பதியில் பஸ் பலகை படிக்க இன்றும் உதவுகிறது.

இந்தப் படிப்பை முடித்தால் என்ன வேலை கிடைக்கும் என்று அப்பா கேட்டபோது, ஆபிரகாம் பண்டிதரைச் சொன்னேன். தஞ்சாவூரில் சித்த மருத்துவராக இருந்தவர். 1917இல் 'கருணாமிர்த சாகரம்' என்று ஆயிரம் பக்கத்துக்கு மேல் இசை ஆராய்ச்சி எழுதியவர். இருபத்திரண்டு சுருதி என்று பழைய நூல்கள் சொல்ல, இல்லை இருபத்துநான்கு என்று வாதாடியவர். அப்பா முழுவதும் கேட்டுவிட்டுச் சொன்னார்: "ஆக, இந்த ஆராய்ச்சிக்கு முதல்ல ஒரு வைத்தியசாலை வேணும்."

ஆய்வேட்டைத் தட்டச்சு செய்தது இன்னொரு கதை. ஸ்வரம் மேல் ஸ்தாயியில் இருந்தால் எழுத்துக்கு மேலே புள்ளி, கீழ் ஸ்தாயி என்றால் கீழே புள்ளி. டைப்பிஸ்ட் தமிழ் நன்றாகப் படித்தவர். 'ஸ'வுக்கு மேல் புள்ளி வைத்தால் அது மெய்யெழுத்து என்று ஏழு பக்கத்துக்கு 'ஸ்', 'ப்', 'ம்' என்று அடித்துத் தள்ளிவிட்டார். வாசித்துப் பார்த்தால் பாம்பு சீறுவது போலிருந்தது. கடைசியில் புள்ளி இல்லாமல் அடிக்கச் சொல்லி, நான்கு பிரதியிலும் ஆயிரக்கணக்கான புள்ளிகளை நானே பேனாவால் வைத்தேன். என் ஆய்வில் சந்தேகத்துக்கு இடமில்லாத சொந்த உழைப்பு அந்தப் புள்ளிகள்தான்.

என் தலைப்பு தோடியின் காந்தாரம். கும்பகோணம் பக்கத்தில் ஒரு நாகஸ்வரக்காரரிடம் டேப் ரெக்கார்டரோடு போனேன். பெரியவர் சீவாளியை நனைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"ஐயா, சுருதி மொத்தம் எத்தனைன்னு நினைக்கிறீங்க?"

"எண்ணினதில்லம்மா. ஒத்து சரியா இருந்தாப் போதும்."

பிறகு தோடியை எடுத்தார். காந்தாரம் ஓரிடத்தில் நிற்காமல் ரிஷபத்துக்கும் மத்யமத்துக்கும் நடுவே ஊஞ்சலாடியது. நான் 32/27, 6/5 என்று பின்னங்களை எழுதி வைத்திருந்த தாளை மெதுவாகப் பைக்குள் தள்ளினேன். ஆய்வேட்டில் அந்தப் பின்னங்கள்தான் இடம்பெற்றன. பெரியவர் சொன்னதற்கு அடிக்குறிப்பு போட முடியவில்லை.

இப்போது அண்ணன் மகள் அதே படிப்பில் இருக்கிறாள், நேரே பிஎச்.டி. நான் படித்த எம்.ஃபில்.லை 2022 விதிமுறையில் யுஜிசி எடுத்துவிட்டது. என் பட்டம் இப்போது ஏட்டில்கூட இல்லாத சுருதி.

நான் பஸ் ஏறித் தேடிய நூல்களெல்லாம் அவள் கைபேசிக்குள் இருக்கின்றன.

"படிச்சியாடி?"

"டவுன்லோட் பண்ணிட்டேன் அத்தை."

கணினியில் தோடியைக் கோடாக வரைந்து காட்டினாள். காந்தாரம் மலையும் பள்ளமுமாக ஏறி இறங்கியது. ரிஷபத்துக்கும் மத்யமத்துக்கும் நடுவே அசைகிறது என்று கண்டுபிடித்துவிட்டதாகச் சொன்னாள். பாராட்டினேன். படத்தை மறைத்துவிட்டு ஒரு பதிவைப் போட்டு, என்ன ராகம் என்றேன். "படம் இல்லாமலா?" என்றாள். சிரிக்க வாயெடுத்தவள் பைக்குள் தள்ளிய தாளை நினைத்து மூடிக்கொண்டேன்.

புள்ளித் தொல்லை இப்போதும் தீரவில்லை. எழுத்துரு மாறினால் புள்ளியெல்லாம் பறந்துவிடுகிறது. புதிதாக வந்திருப்பது களவு பிடிக்கும் மென்பொருள். 2018 விதிப்படி 10 சதவீதம் வரை ஒத்துப்போனால் குற்றமில்லை. அவளுக்கு முப்பத்தெட்டு வந்தது. என்னவென்று பார்த்தால், பின்னிணைப்பில் கொடுத்த வர்ணத்தின் ஸ்வரங்கள். ஸரிகமவை ஏற்கெனவே வேறு யாரோ எழுதியிருக்கிறார்கள் என்பது மென்பொருளின் கண்டுபிடிப்பு.

போன நவராத்திரிக்கு அடுக்குமாடியில் இருவரையும் கொலுவுக்கு அழைத்தார்கள். "அத்தை, மருமக ரெண்டு பேருமே மியூசிக்ல பெரிய படிப்பாமே! ஒரு பாட்டு பாடுங்களேன்." அவள் என்னைப் பார்த்தாள். மேள எண் எதையும் சொல்லாதே என்று கண்ணாலேயே சொன்னேன். பாடினோம். ஆளுக்கு ஒரு பொட்டலம் கொண்டைக்கடலைச் சுண்டல் கிடைத்தது.

இத்தனை வருஷத்தில் எந்தக் கொலுவிலும் எந்த மாமியும் என்னிடம் சுருதி எத்தனை என்று கேட்டதில்லை. கேட்டால் பதில் தயாராக இருக்கிறது: பழைய நூல்களில் 22, பண்டிதர் கணக்கில் 24, கும்பகோணத்துப் பெரியவர் எண்ணவில்லை.