டொக்டர் தங்கச்சி

ஏ.எல்.லில் மட்ஸ் எடுத்த பொடியனை ஊரில் ஒருவரும் எஞ்சினியர் என்று கூப்பிடுவதில்லை. மிஞ்சிப் போனால், சுழலாத ஃபான் ஒன்றைக் கழற்றிக்கொண்டு வந்து அவன் மடியில் வைப்பார்கள். கொமர்ஸ் படிக்கிறவனுக்குச் சீட்டுக் கணக்கு. பயோ எடுத்த பிள்ளையின் கதை வேறு. வகுப்புத் தொடங்கி இரண்டாம் கிழமையே பெயர் மாறிவிடும். கொக்கிளாயில் எங்கள் ஒழுங்கையில் இருக்கிறவளுக்கு வயது 17, சோதனை எடுக்கப்போவது 2028இல். ஆனால் அவள் ஏற்கெனவே டொக்டர் தங்கச்சி.

வன்னியில் ஊருக்கு ஒன்றாவது இப்படி இருக்கும். தேத்தண்ணிக்குச் சீனி போடும்போது “இருசக்கரைட்டு” என்று முணுமுணுக்கும். மீன் வெட்டுகிற இடத்துக்குப் போய் இதயம் எங்கே என்று தேடும், தாய் கறி வைக்கப் பிந்தும். கோயிலில் எல்லாரும் கண்ணை மூடிக் கும்பிட, இது ஐயரின் கழுத்து நரம்பைப் பார்த்துக்கொண்டு நிற்கும்.

ஊர்ச்சனம் சும்மா விடுமா? முழங்கால், சீனி, பிரசர், போன மாதத்து இரத்த ரிப்போட் எல்லாம் வாசலுக்கு வரும். பெரிய வருத்தமென்றால் மாஞ்சோலை ஆஸ்பத்திரிக்குத்தான் ஓடவேணும்; சின்ன வருத்தத்துக்கு இவள். பாவம், பாடத்திட்டத்தில் அவள் இன்னும் கலத்துக்குள்தான் நிற்கிறாள். பிறகு மரஞ்செடி வரவேணும், மனிசர் அதற்கும் பிறகுதான். “உங்கட முழங்கால் அடுத்த வருசம்தான் வரும், பெரியம்மா” என்று உண்மையைச் சொன்னாள். பெரியம்மா அதைக் கிளினிக் திகதி என்று எடுத்துக்கொண்டு, கலண்டரில் குறிக்கச் சொன்னா.

ஒருநாள் களப்பில் இறால் பிடிக்கப் போன கிழவருக்குத் திருக்கை முள் ஏற்றிவிட்டது. டொக்டர் தங்கச்சி புத்தகத்தோடு ஓடினாள். திருக்கையின் நஞ்சு புரதம், நொதியத்தைப் போலவே சூட்டில் இயல்பழிந்துவிடும், தோல் அவியாத அளவுக்கு, 45 பாகைக்கு மேல் போகாத சுடுதண்ணியில் காலை வைக்கவேணும் என்று மூச்சு விடாமல் சொல்லி முடித்தாள். கிழவர் ஏற்கெனவே காலை வாளிக்குள் விட்டுக்கொண்டு சுருட்டுப் பற்றவைத்திருந்தார். “இதுக்கோ பிள்ளை அஞ்சு வருசம் படிக்கப்போறாய்?” என்றார்.

இனி அந்தக் கேள்வி. ஏன் டொக்டர்?

லண்டனில் இருக்கிற மாமாவின் மகளும் டொக்டருக்குத்தான் விண்ணப்பிக்கிறாள். அங்கே, ஏன் இந்தப் படிப்பு என்று பல்கலைக்கழகத்துக்கு 4000 எழுத்துக்குள் எழுதிக் கொடுக்கவேணுமாம். இடைவெளியும் எழுத்தாக எண்ணப்படுமாம். எங்கள் நாட்டில் அந்தத் தொல்லை இல்லை. உனக்கு இரக்கம் இருக்கிறதா, இரத்தம் கண்டால் மயங்குவாயா என்று பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு ஒருநாளும் கேட்காது. அங்கே நாலாயிரம் எழுத்து, இங்கே இசட் ஸ்கோரில் நாலு தசமதானம். ஆனால் கேட்கவேண்டியவர்கள் கேட்காத கேள்வியை யாராவது கேட்டுத்தானே ஆகவேணும்? அந்தப் பொறுப்பை ஊர் ஏற்றுக்கொண்டது.

ஆகவே அவளிடம் ஆளுக்கொரு காரணம் இருக்கிறது. அதிபருக்கு, “சமூக சேவை, சேர்.” சம்மாட்டிக்கு, “கடலுக்குப் போறாக்களுக்கு ஒரு டொக்டர் கரையில நிக்கவேணும்.” லண்டன் மாமாவுக்கு வட்ஸப்பில், “சின்னனில இருந்தே விருப்பம்.” ஆச்சிக்கு மட்டும் காரணம் சொல்லவேண்டியதில்லை, ஆச்சியே சொல்லுவா. “விளங்கிற தமிழில வருத்தத்தைச் சொல்ல எங்களுக்கு ஒரு ஆள் வேணும்.” 1847இல் அமெரிக்காவிலிருந்து வந்து, மானிப்பாயில் தமிழிலேயே மருத்துவம் படிப்பித்த கிறீன் வைத்தியர் கேட்டால் தலையாட்டியிருப்பார். இவள் கம்பஸுக்குப் போனால் படிக்கப்போவது இங்கிலீசில் என்பதை ஆச்சிக்கு நாங்கள் இன்னும் சொல்லவில்லை.

அவளுக்குக் கோபம் வருகிற இடம் ஒன்றுதான். மருத்துவபீட இடங்களில் 40 வீதம் நாடு முழுவதற்குமான திறமைக்கு, 55 வீதம் மாவட்டங்களுக்கு, 5 வீதம் முல்லைத்தீவு போன்ற பின்தங்கிய மாவட்டங்களுக்கு என்று பிரிப்பது வலை பொத்துகிறவருக்கும் மனப்பாடம். “உனக்கென்ன, முல்லைத்தீவெண்டால் குறைஞ்ச இசட்டிலயும் போகலாம்” என்றார் ஒருவர். “அஞ்சு வீதத்தில போனாலும் அங்க வெட்டத் தாறது முழுப் பிணம்தான் மாமா” என்றாள். மாமா அன்று மத்தியானம் சாப்பிடவில்லை.

தாய்க்கும் ஒரு காரணம் உண்டு. 2009 மார்ச்சில், ஆஸ்பத்திரியாகிவிட்ட புதுமாத்தளன் பள்ளிக்கூடத்தில், வாங்கு ஒன்றில்தான் இவள் பிறந்தாளாம். “பள்ளிக்கூட வாங்கில பிறந்தது படிக்காமல் என்ன செய்யும்?” என்பா. காயக்காரரோடு தாயையும் பிள்ளையையும் செஞ்சிலுவைக் கப்பலில் ஏற்றினார்கள். கப்பல் போனது புல்மோட்டைக்கு. இந்திய வைத்தியர்கள் வந்து கள ஆஸ்பத்திரி போட்டிருந்த இடம் அது. புல்மோட்டை என்றால் எங்கள் களப்பு முகத்துவாரத்துக்கு அங்கால் கரை. 1984இல் சனம் எழும்பிப் போய், பிறகு கால் வைக்க முடியாமல் கிடந்த சொந்த ஊரைத் தாய் அன்று கடலிலிருந்து பார்த்திருக்கிறா. “தென்னைமட்டும் தெரிஞ்சுது” என்று சொல்லிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விடுவா.

இத்தனை காரணத்தையும் கேட்டபிறகு, ஒரு பின்னேரம் கரைவலை இழுத்து முடிந்த நேரம், நானும் கேட்டேன். “எனக்கு எந்தக் காரணம் பிள்ளை வச்சிருக்கிறாய்?”

அவள் உயிரியல் கொப்பிக்குள்ளிருந்து பிளாஸ்டிக் உறை ஒன்றை எடுத்தாள். உள்ளே பழுப்பேறிய துண்டு. கப்பலில் ஏற்றும்போது, பிறந்து நாலு நாளான இவளைப் பற்றி ஒரு டொக்டர் அவசரத்தில் எழுதிக் கொடுத்தது. மேலே ‘பேபி ஒஃப்’ என்பது தெரிகிறது. பிறகு ஆறு வரி, நண்டு ஈரமணலில் ஓடியதுபோல.

“இதில என்ன எழுதிக் கிடக்கெண்டு ஒருத்தருக்கும் தெரியாது. எனக்கு என்ன வருத்தம் இருந்ததெண்டு அம்மாவுக்கும் தெரியாது. டொக்டர்மாற்ற எழுத்து டொக்டர்மாருக்குத்தானே விளங்கும்?”

எனக்கு அதற்குப் பதில் வரவில்லை. அடுத்தநாள் முல்லைத்தீவுக்குப் போகிற வேலை இருந்தபடியால், துண்டைப் படம் எடுத்துக்கொண்டு போய் ஒரு பாமசிக்காரரிடம் காட்டினேன். அவர் கண்ணாடியைப் போட்டு, கழற்றி, ஃபோனைத் தலைகீழாகவும் பிடித்துப் பார்த்தார்.

“பனடோல் மாதிரித்தான் கிடக்கு” என்றார். “எத்தினை காட் வேணும்?”