தங்கவயல் தந்த ஊக்கம்

தொழிலாளிக்கு உற்சாகம் ஊட்டுவது எப்படி என்று நட்சத்திர ஓட்டலில் பயிலரங்கு நடத்துகிறவர்கள் ஒருமுறை கோலார் தங்கவயலுக்குப் போய்விட்டு வரலாம். 1880-இல் அங்கே கடை விரித்த ஜான் டெய்லர் என்ற வெள்ளைக்காரச் சுரங்கக் கம்பெனி இந்தக் கலையில் கரை கண்டது.

அவர்களுக்குத்தான் எவ்வளவு பெரிய மனசு! பஞ்சத்துக்கும் பண்ணையாருக்கும் தப்பி வட ஆற்காட்டிலிருந்து வந்தவனுக்கு மூங்கில் தட்டி வைத்து ஒற்றை அறைக் குடிசை தந்தார்கள். குனிந்துதான் நுழைய வேண்டும். பணிவு தானாக வந்துவிடும். பங்களா, கிளப், கோல்ஃப் மைதானமெல்லாம் துரைமார்களுக்கு. உழைத்தால் என்ன கிடைக்கும் என்பது தினமும் கண்ணில் பட வேண்டாமா? யாருக்குக் கிடைக்கும் என்றுதான் சொல்லவில்லை.

1902-இலேயே சிவசமுத்திரத்திலிருந்து காவிரி மின்சாரம் வந்துவிட்டது. பெங்களூர்த் தெருக்களுக்கே 1905-இல்தான் அந்த பாக்கியம். இயந்திரங்கள் முதலில் அனுபவித்தன. தொழிலாளிகளின் லைன் வீடுகளில் வெகுகாலம் சிம்னி விளக்குதான். இருட்டில் வேலை செய்கிறவனுக்குக் கண் கூசக் கூடாதல்லவா?

சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் கீழே போனது. அந்த ஆழத்தில் பாறையின் சூடு 60 டிகிரியைத் தாண்டும். வியர்வை சிந்தச் சொல்லி எந்த மேஸ்திரியும் தொண்டை கிழியக் கத்த வேண்டியதில்லை.

ஷிப்டு முடிந்து மேலே வந்தவனைச் சும்மா அனுப்பிவிடுவார்களா? தலைமுடியிலிருந்து வேட்டி மடிப்பு வரை காவலாளி தடவிப் பார்ப்பான். வேலைக்குப் போய்விட்டு வந்த பிள்ளையைப் பெற்ற தாய்கூட அப்படித் தடவிப் பார்த்திருக்க மாட்டாள். இத்தனை சோதனையிலும் ஒன்றை மட்டும் பெருந்தன்மையாக விட்டுவிட்டார்கள். நுரையீரலில் படிந்த பாறைத்தூளை யாரும் திருப்பிக் கேட்கவில்லை. ஆயுசுக்கும் வைத்துக்கொள் என்று விட்டுவிட்டார்கள். அந்தச் சிலிக்கோசிஸ் நோய்க்கு நஷ்டஈடு உண்டு என்று ஏற்றுக்கொள்ள 1940 வரை ஆயிற்று. நல்ல காரியத்தில் அவசரம் கூடாது.

1930-இல் இன்னொரு கௌரவம் கொடுக்கப் பார்த்தார்கள். அதுவரை போலீஸ் ஸ்டேஷனில் கேடிகளுக்கு மட்டுமே கிடைத்து வந்த மரியாதை அது: ஒவ்வொரு தொழிலாளியின் கைரேகையையும் பதிவு செய்வது. நன்றிகெட்ட ஜனங்கள், வேலைநிறுத்தம் செய்து அதைத் திரும்பப் பெற வைத்துவிட்டார்கள்!

வெள்ளைக்காரன் போனான். 1956-இல் சுரங்கம் அரசாங்கத்தின் கைக்கு வந்தது. சொந்த சர்க்கார் சும்மா இருக்குமா? சுரங்கத்துக்குள் பாறை வெடித்து நிலம் அதிர்ந்தால், உள்ளே போனவர்களைத் தேடிப் பெண்கள் சுரங்க வாசலுக்கு ஓடுகிற பழைய வழக்கத்தை அது குலைக்கவில்லை. கடைசியில் 2001 பிப்ரவரி 28 அன்று, தங்கம் கட்டுப்படியாகவில்லை என்று சொல்லி, எல்லாருக்கும் ஒரேயடியாக ஓய்வு கொடுத்துவிட்டது. சுமார் 800 டன் தங்கம் எடுத்துக் கொடுத்த களைப்பு இருக்காதா!

இப்போது அந்தக் குடும்பங்களின் பிள்ளைகள் விடிவதற்குள் ரயிலைப் பிடித்து, 100 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் பெங்களூருக்கு வேலைக்குப் போகிறார்கள். ஊரில் மிச்சம் சயனைடு கலந்த மண்மேடுகள். காற்றடித்தால் அந்தத் தூசி வீட்டுக்குள்ளேயே வந்து நலம் விசாரிக்கும்.

2024-இல், அந்த மேடுகளிலிருந்து மறுபடியும் தங்கம் எடுக்கும் திட்டத்துக்குக் கர்நாடக அமைச்சரவை ஒப்புதல் தந்திருக்கிறது. ஊக்கம் கொடுக்க வருகிற அதிகாரிகள் காலை ரயில் கிளம்புவதற்கு முன்பே வந்துவிடுவது நல்லது. அப்புறம் வந்தால் ஊரில் ஆள் இருக்காது.