வெப்சைட் தம்பி

கோயமுத்தூரில் பம்ப்செட் தயாரிக்கும் எந்த முதலாளிக்கும் ஓர் ஆடிட்டர் இருப்பார், ஒரு வக்கீல் இருப்பார், சர்க்கரைக்கு மாத்திரை எழுதித் தர ஒரு டாக்டர் இருப்பார். இவர்களுக்குப் பெயர் உண்டு, பெயருக்குப் பின்னால் ‘சார்’ உண்டு. நாலாவதாக ஒருவர் இருக்கிறார். முதலாளியின் போனில் அவர் ‘வெப்சைட் தம்பி’. தம்பிக்கு நாற்பது தாண்டிவிட்டது, காதோரம் நரைத்தும்விட்டது. ஒருநாள் அவருக்கு செக் எழுத வேண்டி வந்தபோது முதலாளி அக்கவுண்ட்ஸ் பெண்ணைக் கூப்பிட்டு, “நம்ம தம்பி பேரென்ன கண்ணு?” என்றாராம். (பெயர் தெரியாதது செய்தியே இல்லை. செக் எழுதினார் என்பதுதான் செய்தி.)

படித்தது மெக்கானிக்கல் இன்ஜினியரிங். கொஞ்ச காலம் ஒரு கம்பெனியில் இருந்தார். மேனேஜர் தொல்லை தாங்காமல் வெளியே வந்து, கணபதியில் தான் குடியிருக்கும் மாடிப் போர்ஷனிலேயே சொந்தமாக வெப்சைட் டிசைன் தொழில் தொடங்கினார். இப்போது மேனேஜர் கிடையாது. முதலாளி இருக்கிறார், முதலாளியின் மகன் இருக்கிறான், லண்டனில் படித்துவிட்டு வந்த மருமகள் இருக்கிறார், ‘கலர் கொஞ்சம் டல்லடிக்குதுங்களே’ என்று சொல்லும் உரிமை பெற்ற கேஷியர் இருக்கிறார். வாடிக்கையாளர் ஒருவருக்கு நாலு பேர் வீதம் பெருக்கிக்கொள்ளலாம். வீட்டுக் கடன் கேட்டுப் போனால் மட்டும் பேங்க்கில், ‘உங்க மேனேஜர்கிட்ட சம்பளச் சீட்டு வாங்கிட்டு வாங்க’ என்கிறார்கள்.

நாள் முழுக்க வீட்டில் இருப்பவருக்கு வேலை இருக்கிறது என்பதை அவருடைய மாமனார் இன்னும் நம்பவில்லை. ‘மாப்பிள்ளை சும்மாதானுங்களே உக்காந்திருக்காரு’ என்பது அவர் வாதம். ஆகவே கேஸ் சிலிண்டர் இறக்கி வைப்பது, பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கு இன்ஜினியரிங் கவுன்சலிங் விண்ணப்பம் போடுவது, எதிர்வீட்டுப் பாட்டியின் ஆதாரை ரேஷன் கார்டோடு இணைப்பது என்று தெருவுக்கே இ-சேவை மையம் தம்பிதான். சொந்த வேலை இரவு பத்து மணிக்கு மேல். மாதாந்திரப் பராமரிப்புக்காகக் காலையிலிருந்து மாலைவரை கரண்ட் போகும் நாள் ஒன்றுதான் லீவு. அன்றைக்கென்று யாராவது அவசரமாகக் கூப்பிடுவார்கள்.

அவருடைய பொற்காலம் ஃப்ளாஷ் என்ற அனிமேஷன் மென்பொருளின் காலம். பக்கம் திறந்ததும் கம்பெனி பெயர் சுழன்று வரும், மோட்டார் உறுமும், பம்பிலிருந்து தண்ணீர் கொட்டி வாய்க்கால் வழியே ஓடி ஒரு தென்னந்தோப்பே பச்சையாகும். மூலையில் ‘ஸ்கிப்’ என்று ஒரு பொத்தான். அதை அழுத்தியவர்களைத் தம்பி மனிதர்களாகவே மதித்ததில்லை. ஐபோனில் ஃப்ளாஷுக்கு ஏன் இடமில்லை என்று 2010 ஏப்ரலில் ஸ்டீவ் ஜாப்ஸ் நீண்ட கடிதம் ஒன்றை வெளியிட்டார். தம்பி இன்றைக்கும் வரிவரியாக அதற்கு மறுப்புச் சொல்வார், கேட்க ஆள் கிடைத்தால். 2020 டிசம்பர் 31-ஓடு அடோபி நிறுவனமே ஃப்ளாஷைக் கைகழுவியது. தென்னந்தோப்பு போயிற்று.

போனது போகட்டும், கொள்கைகள் மிஞ்சின. எழுத்து பெரிதாக இருக்க வேண்டும், ஒரு பக்கத்தில் இரண்டு ஃபாண்ட்டுக்கு மேல் கூடாது, தானாக ஓடும் படங்கள் கூடவே கூடாது, எல்லாவற்றுக்கும் மேலாக வெற்றிடம் வேண்டும். அத்தனையும் சரி என்றே எனக்கும் படுகிறது. ஆனால் அதையெல்லாம் அவர் அவினாசி ரோட்டில் சென்ட் என்ன விலை என்று தெரிந்தவரிடம் போய்ச் சொல்கிறார்.

“ஏனுங்க தம்பி, இந்தப் பக்கம் பூரா சும்மா கெடக்குதுங்களே?”

“அது ஒயிட் ஸ்பேஸுங்கண்ணா. கண்ணுக்கு ஓய்வு.”

“ஓய்வெல்லாம் ஞாயித்துக்கெழமை எடுத்துக்கட்டும். அங்க ஐஎஸ்ஓ சர்ட்டிபிகேட்டைப் போட்டுருங்க.”

சர்ட்டிபிகேட் வருகிறது. பக்கத்தில் மருதமலை முருகன் வருகிறார். முருகனுக்குக் கீழே, கம்பெனியைத் தொடங்கிய பெரியவர் மாலையோடு வருகிறார். ஜோசியர் சொன்ன பச்சை வருகிறது. லோகோ இரண்டு மடங்காகிறது, அதுவும் போதாமல் மூன்று மடங்காகிறது. கடைசியில் தானாக ஓடும் படங்களையும் தம்பி தன் கையாலேயே ஓடவிட்டு, இரண்டாம் தவணைக்குப் பில் அனுப்புகிறார். முதலில் செய்ததை அழிப்பதில்லை. அவருடைய ஹார்ட் டிஸ்கில் ‘ஒரிஜினல்’ என்று ஒரு ஃபோல்டர் இருக்கிறது. எந்த முதலாளியும் ஒத்துக்கொள்ளாத அழகான முகப்புகள் அதற்குள் வரிசையாக இருக்கின்றன. புதிதாக வருகிறவர் ‘நீங்க பண்ணினதைக் காட்டுங்க’ என்றால் அதைத்தான் காட்டுவார். ‘இதெல்லாம் லைவ்ல இருக்குதுங்களா?’ என்று கேட்டுவிட்டால், சர்வரில் ஏதோ பிரச்சினை என்பார்.

படமும் கலரும்கூடப் பரவாயில்லை, எப்படியோ வந்துவிடும். எழுத்துதான் வராது. ‘எங்களைப் பற்றி’ என்ற பக்கத்துக்கு நாலு வரி கேட்டால், ‘நீங்களே போட்டுருங்க தம்பி, உங்களுக்குத் தெரியாததுங்களா’ என்பார்கள். தமிழில் வேண்டுமென்றால், கல்யாணப் பத்திரிகை அடித்த பிரஸ்ஸிலிருந்து பாமினி எழுத்துருவில் ஒரு ஃபைல் வரும். யூனிகோடுக்கு மாற்றாமல் திறந்தால் அதில் தமிழே இருக்காது. ஆங்கில எழுத்துகளுக்கு நடுவில், மெய்யெழுத்தின் புள்ளி விழ வேண்டிய இடமெல்லாம் அரைப்புள்ளி சிதறிக் கிடக்கும். அதுவும் வராதபோது, டிசைனர்கள் இடத்தை நிரப்ப வைக்கும் லத்தீன் பத்திகளைத் தம்பி வைத்துக் காட்டுவார். ரோமானியச் சிந்தனையாளர் சிசரோ பொ.ஆ.மு. 45-இல் நன்மை தீமை பற்றி எழுதிய நூலை உடைத்து எடுத்த, அர்த்தம் கலைந்துபோன வரிகள் அவை. ஒரு நீர்மூழ்கிப் பம்ப் கம்பெனி அதைப் பார்த்து ஓகே சொல்லி, அப்படியே ஏற்றச் சொல்லிவிட்டது. நல்ல கம்பெனி, பெயர் வேண்டாம். ரொம்ப நாள் சிசரோதான் அங்கே பம்ப் விற்றார். ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. முதலாளி மட்டும் ஒருமுறை, “இங்கிலீஷ் நம்ம லெவலுக்குக் கொஞ்சம் ஜாஸ்திங்க தம்பி” என்று பாராட்டினார்.

பணம் வரும் கதை தனி. அட்வான்ஸ் பாதி, முடிந்ததும் மீதி என்பது பேச்சு. முடிந்தது என்று முதலாளி சொல்ல வேண்டும். சொன்னால் காசு தர வேண்டும். ஆகவே எந்த வெப்சைட்டும் முடிவதில்லை. மார்ச்சில் ‘இயர் எண்டிங்’ என்பார்கள், ஜூலையில் ‘ஆடி கழியட்டும்’ என்பார்கள். சிறு தொழில்களுக்கு அதிகபட்சம் 45 நாளுக்குள் பணம் தந்துவிட வேண்டும் என்று 2006-ஆம் வருஷச் சட்டம் ஒன்று இருக்கிறது. தம்பி அதற்கான உத்யம் பதிவெல்லாம் செய்து, அந்த நம்பரைப் பில்லின் தலையில் போட்டு, ஒருநாள் தைரியமாகச் சட்டத்தையும் எடுத்துச் சொன்னார். முதலாளி கோபப்படவில்லை, அவருக்கும் உத்யம் நம்பர் உண்டு. “நாங்களும் சிறு தொழில்தானுங்க தம்பி. எங்களுக்கு எவன் நாப்பத்தஞ்சு நாள்ல தர்றான்?” என்று தொடங்கி, தனக்கு வர வேண்டிய பாக்கிகளை ஊர்வாரியாகச் சொல்லி முடித்தார். நடுவில் காபி வந்தது. தம்பி அவருக்கு ஆறுதல் சொல்லிவிட்டு வந்தார்.

வருகிற தொகையிலும் பத்து சதவீதம் டிடிஎஸ் பிடித்திருப்பார்கள். ரிட்டர்ன் போட்டால் அது ரீஃபண்டாக, மாதத்துக்கு அரை சதவீத வட்டியோடு கணக்கில் வந்து விழும். தம்பிக்குப் போன் போட்டுக் கெஞ்சாமல் பணம் வருவதும், தாமதத்துக்கு வட்டி வருவதும் வருமான வரித் துறையிடமிருந்து மட்டும்தான். அவர்களுக்கு இவர் ஒரு பக்கம்கூட டிசைன் செய்து கொடுத்ததில்லை.

இவ்வளவு இருந்தும் ஒரு முதலாளியும் தம்பியை விட்டுப் போனதில்லை. போக முடியாது, பாஸ்வேர்டெல்லாம் அவரிடம் இருக்கிறது. எந்தக் கம்பெனியின் டொமைன் எப்போது காலாவதியாகும் என்பது அவருக்குத்தான் தெரியும். டாட்காம் பெயர் ஒன்று கெடு முடிந்தவுடன் கைவிட்டுப் போய்விடுவதில்லை. விற்றவர்கள் பொறுத்துக்கொள்ளும் சில வாரங்கள் கழிந்தபின் 30 நாள் மீட்புக் காலம். அதற்கும் அப்பால் 5 நாள். அப்புறம்தான் ஊரான் எவனும் எடுத்துக்கொள்ளலாம். சாவு வீட்டில் மூன்றாம் நாள், பதினாறாம் நாள் என்று கணக்குத் தெரிந்த பெரியவர் ஒருவர் இருப்பாரே, அந்த இடத்தில் தம்பி இருக்கிறார். ஞாபகப்படுத்தப் போனால் வேறு பேச்சு வரும்.

“வருஷா வருஷம் எதுக்குங்க கட்டோணும்? அன்னிக்கே வாங்கிட்டமல்ல?”

“குத்தகைதானுங்கண்ணா. ஒரேடியாக் கட்டினாலும் பத்து வருஷத்துக்கு மேல தர மாட்டாங்க.”

“நம்ம பேருக்குக் கிரயம் பண்ணிக்க முடியாதுங்களா?”

“யாருக்குமே முடியாதுங்கண்ணா.”

இணையம் என்ற ஏற்பாட்டின் மீதே முதலாளிக்குச் சந்தேகம் வருவது அப்போதுதான். யோசித்துச் சொல்கிறேன் என்பார். அவர் யோசித்து முடிப்பதற்குள் தம்பி கைக்காசு ஆயிரத்துச் சில்லறையைக் கட்டியிருப்பார்; அது பழைய பாக்கியோடு போய்ச் சேரும்.

சமீபத்தில் முதலாளியின் மகன், செயற்கை நுண்ணறிவிடம் நாலு வரி சொல்லி, பத்தே நிமிஷத்தில் கம்பெனிக்குப் புது வெப்சைட் செய்துவிட்டான். பெரிய எழுத்து, இரண்டே ஃபாண்ட், ஓடாத படங்கள், பக்கமெல்லாம் வெற்றிடம். “பாருங்க, இதுதானுங்க டிசைன்!” என்று முதலாளி தம்பியைக் கூப்பிட்டுக் காட்டினார். தம்பி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். இவர்களே வேண்டாமென்று ஒதுக்கி, ‘ஒரிஜினல்’ ஃபோல்டருக்குப் போன அதே முகப்புதான், பம்ப் படம் மட்டும் கொஞ்சம் வலப்பக்கம் தள்ளி இருந்தது. நன்றாக இருக்கிறது என்றார்.

“பாஸ்வேர்டு மட்டும் குடுத்தீங்கன்னா இன்னிக்கே ஏத்திருவேன்” என்றான் பையன்.

“குடுத்துறலாங்க. பழைய பாக்கி ஒண்ணு நிக்குது.”

“அதுக்கென்னங்க தம்பி, ஆடி கழியட்டும்” என்றார் முதலாளி.

“கழியட்டுங்கண்ணா” என்று தம்பி எழுந்தார். “பாஸ்வேர்டும் அப்பவே தர்றேன்.”