நெட் இழுவைக்கு வீட்டு வைத்தியம்

ஒரே வீடு, ஒரே மோடம், ஒரே பில். டிவியில் படம் தங்குதடையில்லாமல் ஓடுகிறது. பையன் போனில் கிரிக்கெட் ஓடுகிறது. முன்ரூம் கம்ப்யூட்டரில் மட்டும் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறது. நம்மூர் வீரபாண்டிப் பிரிவை ஒட்டிய, துணி தைத்துக் கொடுக்கும் ஜாப் ஒர்க் வீடுகளில் சலான், பில், இ-வே பில் எல்லாம் அந்த ஒரு கம்ப்யூட்டரில்தான். லோடு ஆட்டோ வாசலில் உறுமிக்கொண்டு நிற்கும்; பில் நம்பர் வந்தால்தான் கிளம்பும்.

இந்தக் கோளாறில் பெரிய ஆபத்து ஒன்று உண்டு: அரைமணி நேரத்தில் கண்டுபிடித்துவிடலாம். கண்டுபிடித்துவிட்டால் அப்புறம் யாரைத் திட்டுவது? ஆகவே, கீழே சொல்லும் முறைகளைக் கவனமாகக் கடைப்பிடியுங்கள்.

முதல் வேலை, வீட்டுப் பெண்களை அந்தப் பக்கம் விடக்கூடாது. “ஏனுங்க, எம்பட போன்ல நல்லாத்தான ஓடுது? அப்பறம் லைன்ல என்ன கோளாறு?” என்று ஒரே கேள்வியில் எல்லாவற்றையும் கெடுத்துவிடுவார்கள். சோதித்தே ஆகவேண்டும் என்றால் போனில் வைஃபையை அணைத்து, மொபைல் டேட்டாவில் வேகம் பாருங்கள். வீட்டு லைனுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை என்பதால், வருகிற எண்ணை வைத்து எந்த முடிவுக்கும் வரலாம்.

பவர்டேபிளில் வரிசையாக மெஷின் ஓடும்போது ஒன்று மட்டும் தையல் விட்டால், டெய்லர் ஊசியை மாற்றிப் பார்ப்பார்; நூல் மில்லுக்குப் போன் போடமாட்டார். அந்தப் புத்தியைக் கம்ப்யூட்டர் பக்கம் கொண்டுவராதீர்கள். நேராக நெட்காரருக்குப் போன் போடுங்கள்.

அவர் வருவார். மோடத்தில் சிவப்பு விளக்கு எரிகிறதா என்று பார்ப்பார். எரிந்தால் பைபர் அறுந்திருக்கும். அப்போது வீட்டில் ஒருவருக்குமே நெட் வராது. எரியவில்லை என்பதால், தன் லேப்டாப்பை மோடத்தில் நேராகச் செருகி 100 எம்பிபிஎஸ் காட்டுவார். “லைன் பக்காவா இருக்குதுங்ணா. உங்க சிஸ்டத்துலதாங்ணா ஏதோ” என்பார். கம்ப்யூட்டர் கடைக்காரரோ “லைன்லதாங்க பிரச்சினை” என்பார். இருவரையும் ஒரே நேரத்தில் ஒரே ரூமில் சந்திக்க விடவே கூடாது.

அதோடு, 100 எம்பிபிஎஸ் கட்டியவருக்கு டவுன்லோடு ஜன்னலில் 12 என்றுதான் தெரியும். முதல் கணக்கு பிட்டில், இரண்டாவது கணக்கு பைட்டில். எட்டால் வகுத்தால் சரியாக இருக்கும். வகுக்காமல் சண்டைக்குப் போனால் ஒரு மாலைப்பொழுது நன்றாகக் கழியும்.

கோளாறு பார்க்க உகந்த நாள் மாதத்தின் 20ஆம் தேதி, ராத்திரி எட்டு மணிக்கு மேல். நாடு முழுவதும் மாதக் கணக்குக்காரர்கள் ஜிஎஸ்டிஆர்-3பி போட முண்டியடிக்கும் கடைசி நாள் அது. சைட் மூச்சுத் திணறுகிறதா, நம் கம்ப்யூட்டர் திணறுகிறதா என்று பிரம்மாவாலும் சொல்லமுடியாது. கூடவே கடல் கேபிளையும் இழுத்துக்கொள்ளலாம். 2008 ஜனவரி 30ஆம் தேதி எகிப்தின் அலெக்சாந்திரியா பக்கம் கடலடிக் கேபிள்கள் அறுந்து இந்தியாவில் நெட் படுத்தது உண்மைதான். அது பக்கத்து வீட்டு நெட்டையும் சேர்த்துத்தான் படுக்கவைத்தது என்பதை யாரும் கேட்காதவரை சொல்லவேண்டாம்.

அடுத்தது பணம். பிளானை 100லிருந்து 300 ஆக்குங்கள். லேன் ஒயருக்குள் எட்டுக் கம்பிகள் உண்டு. 100க்கு நான்கு போதும், அதற்கு மேல் போக எட்டும் வேண்டும். மெஷின் கால் ஏறி இறங்கியோ எலி கடித்தோ ஒரு கம்பி போயிருந்தால், மாதாமாதம் 300க்குக் காசு கட்டி 94, 95 என்று பார்த்துக்கொண்டிருக்கலாம். ஒயரை மாற்றினால் சில நூறு ரூபாயில் முடிந்துபோகும். அதில் என்ன கௌரவம் இருக்கிறது?

ஒயரே இல்லாமல் வைஃபை டாங்கிளில் ஓட்டுகிறீர்களா, இன்னும் சௌகரியம். மோடத்தை இரும்பு பீரோவுக்குப் பின்னால் வையுங்கள். டாங்கிளை சிபியுவின் முதுகுப்புறம், சுவரை ஒட்டிச் செருகுங்கள். பக்கத்துத் துளையிலேயே யுஎஸ்பி 3.0 ஹார்டு டிஸ்க்கையும் மாட்டுங்கள். அதில் ஓடும் டேட்டாவின் மின் இரைச்சல் 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபையைக் கெடுக்கும் என்று இன்டெல் நிறுவனமே 2012இல் எழுதி வைத்திருக்கிறது. அந்த அலைவரிசையில் ஒன்றோடொன்று முட்டாத சானல்கள் 1, 6, 11 என்று மூன்றுதான். லைன்வீட்டு வரிசையில் பத்து மோடம் இருந்தால் மீதியை நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். முன்பக்கத் துளையில் ஒரு எக்ஸ்டென்ஷன் ஒயர் போட்டு டாங்கிளை மேஜைமேல் வைத்தால் பாதி வியாதி போய்விடும் என்பதால் அதைத் தவிர்க்கவும்.

கன்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தாதீர்கள். டாஸ்க் மேனேஜர் திறந்து, எந்த புரோகிராம் நெட்டைத் தின்கிறது என்று காட்டிக்கொடுத்துவிடும். பெரும்பாலும் சாம்பிள் பீஸ் போட்டோக்களை மேலே ஏற்றிக்கொண்டிருக்கும் கிளவுடு போல்டராக இருக்கும். ஏற்றும் பாதை அடைத்துக்கொண்டால் இறங்குவதும் நொண்டும். இல்லையென்றால் விண்டோஸ் அப்டேட்.

இனி, நம்மூருக்கே உரிய வைத்தியம். வீட்டு முன்பக்கம் ஓவர்லாக், பிளாட்லாக் ஓடும் இடத்தில் கம்ப்யூட்டர் இருந்தால், அதன் பக்கவாட்டு மூடியை ஒருநாளும் கழற்றாதீர்கள். கழற்றினால், விசிறிக்குக் கீழே உள்ள அலுமினியத் தகடுகளின் இடுக்கெல்லாம் பஞ்சு அப்பியிருக்கும். ஓரத்தில் நகத்தால் கிள்ளி இழுத்தால் முழுசாக ஒரு படலமே உரிந்து வரும். அதில் இந்த மாதம் ஓடிய துணியின் கலரைக்கூடச் சொல்லலாம். காற்றுப் போக வழியில்லாமல் பிராசசர் சூடேறும்; வெந்துபோகாமலிருக்கத் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். பேஜ் திறக்க நேரமாகும். நாம் “நெட் இழுக்குது” என்போம். காலையில் நன்றாக ஓடி, இரண்டு மணி நேரத்தில் மந்தமாகி, விசிறி மட்டும் ஓலமிடுகிறதென்றால் சந்தேகமே வேண்டாம். மெஷின் துடைக்கிற பிளோயரே இதற்குப் போதும்: கரன்டைப் பிடுங்கிவிட்டு, விசிறி சுற்றாமல் ஒரு பேனாவால் பிடித்துக்கொண்டு ஊதவேண்டும். ஆனால் கம்ப்யூட்டரைத் துடைப்பது நம் வேலையா என்ன?

எதற்கும் மசியவில்லையென்றால் பார்மேட். சிபியுவை ஆட்டோவில் ஏற்றிக் கடைக்குக் கொண்டுபோய் முழுசாக அழித்து எழுதச் சொல்லுங்கள். கணக்கு டேட்டாவை காப்பி எடுத்து வைக்க மறந்துவிட்டால் பேச்சு வேறு பக்கம் திரும்பி, நெட் விஷயமே மறந்துபோகும். அதில் தப்பித்தால் கடையில் அது பறக்கும், “பாருங்க, என்ன ஸ்பீடு!” என்று காட்டுவார்கள். அங்கே மாட்டியிருப்பது அவர்களுடைய லேன் ஒயர். உங்களுடையது வீட்டில் கட்டிங் டேபிள் காலுக்கடியில் நசுங்கிக் கிடக்கிறது. அதைப் பற்றிக் கடைக்காரரிடம் மூச்சு விடாதீர்கள், பார்மேட்டுக்குக் கொடுத்த காசைத் திருப்பித் தரமாட்டார்.