நாரைக்கு எத்தனை கிலோ?

கடாரத்துக்கு வந்து போனவர்களில் ராஜேந்திர சோழனை மட்டும் நாம் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறோம். 1025இல் கப்பல்களோடு வந்தான். அரசனைப் பிடித்தான், யானைகளைப் பிடித்தான், மெய்க்கீர்த்தியில் போட்டுக்கொண்டான். இருக்கட்டும். ஏறியவர் யார் என்பது சரித்திரக்காரர் கவலை. எத்தனை கனம், எந்தப் பக்கம் நிற்கிறது என்பது ஓட்டுகிறவன் கவலை. யானையாக இருந்தாலும் சரி, துரையாக இருந்தாலும் சரி.

1934இல் மெல்பர்ன் நகரத்தின் நூறாம் ஆண்டை ஒட்டி, மெக்ஃபர்சன் ராபர்ட்சன் என்ற சாக்லேட் முதலாளி பணம் போட, இங்கிலாந்திலிருந்து மெல்பர்ன் வரை விமானப் பந்தயம் நடந்தது. அக்டோபர் 20ஆம் தேதி புறப்பாடு. ஜெயிக்க வந்தவர்கள் இரண்டே பேர் உட்காரும் காமெட் விமானத்தில் பெட்ரோலோடு பெட்ரோலாக ஒடுங்கிப் பறந்தார்கள். டச்சுக்காரர்களோ கேஎல்எம் கம்பெனியின் டிசி-2 பயணிகள் விமானத்தைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். பெயர் ‘ஊய்வர்’. சத்திமுத்தப் புலவர் தூது விட்டாரே, அந்த நாரைதான். விமானி பார்மென்டியர், துணைக்கு மோல், இன்னும் இரண்டு ஊழியர்கள். அதோடு விட்டார்களா? மூன்று பயணிகள், தபால் மூட்டைகள் வேறு.

வழக்கமான தடத்தில், வழக்கமான ஊர்களில் எல்லாம் இறங்கி இறங்கித்தான் போனது நாரை. நடுவில் ஒரு பயணியைத் தரையிலேயே மறந்துவிட்டுக் கிளம்பி, திரும்பி வந்து ஏற்றிக்கொண்டார்கள். ஓர் ஆள் எடை குறைந்ததை விமானம் சட்டை செய்யவில்லை. அந்த ஆள் செய்திருப்பார்.

ரங்கூனை விட்டால் நம் கடாரத்து அலோர்ஸ்டார். அந்தக் காலத்தில் கேஎல்எம்மும் இம்பீரியல் ஏர்வேஸும் வந்து இறங்கிய திடல் அது. கோலா கெடாவில் வலை உலர்த்தியவர்களுக்கும் ரப்பர்த் தோட்டத்தில் பால் வெட்டியவர்களுக்கும் அது தலைக்கு மேலே போகும் ஒரு சத்தம், அவ்வளவுதான். நம்மவர்கள் வந்தது நாகப்பட்டினத்துக் கப்பலில். ராஜுலா என்ற அந்தக் கப்பலின் தளத்தில் 5,000 பேருக்கு மேல் ஏற்ற அனுமதி. அங்கே தலையைத்தான் எண்ணினார்கள். விமானத்தில் கதை வேறு. இம்பீரியல் ஏர்வேஸில் துரை தராசில் ஏறி நிற்க வேண்டும். ஆளும் பெட்டியும் சேர்த்து 100 கிலோ, மிஞ்சினால் கூடுதல் காசு. நம் பாலை நிறுத்துப் பார்த்துக் குறை சொல்ல ஒரு கிராணி இருந்ததுபோல, துரையை நிறுத்துப் பார்க்கவும் எங்கோ ஒரு கிராணி இருந்தான் என்பதில் எனக்கு இன்றைக்கும் ஒரு திருப்தி.

கனம் மட்டுமே சங்கதி இல்லை. காண்டாக் கம்பில் இரண்டு வாளிப் பால் சுமந்தவருக்குத் தெரியும், வாளி தோளிலிருந்து எவ்வளவு தள்ளித் தொங்குகிறதோ அவ்வளவுக்கு அது ஆளைச் சாய்க்கும். விமானத்துக்குத் தோள் என்பது இறக்கை. எடையைத் தூரத்தால் பெருக்க வேண்டும். டிசி-2 முழுச் சுமையோடு சுமார் 8,400 கிலோ. 70 கிலோ ஆள் ஒருவர் கழிவறையைத் தேடி ஆறு மீட்டர் பின்னால் நடந்தால், மொத்த விமானத்தின் எடைமையமும் ஐந்து சென்டிமீட்டர் பின்னுக்குப் போகும். ஒருவர் என்றால் விமானி ஒரு சக்கரத்தைத் திருகிச் சமாளிப்பார். பத்துப் பேர் சேர்ந்து கிளம்பினால் மூக்கு மேலே தூக்கும், வேகம் குறையும், ஒரு கட்டத்தில் இறக்கை தாங்காது. எல்லாரும் முன்னால் குவிந்தால் மூக்கு எழும்பவே மறுக்கும். ஹிண்டன்பர்க் ஆகாயக் கப்பலே 1937இல் தன் கடைசித் தரையிறக்கத்தில் வால் கனக்கிறது என்று ஆறு ஊழியர்களை மூக்குப் பக்கம் அனுப்பியது.

நாரை ஆஸ்திரேலியா போய்ச் சேர்ந்தது. 24ஆம் தேதி நள்ளிரவுக்கு மேல் இடிமழையில் வழி தவறி, ஆல்பரி என்ற ஊரின் குதிரைப் பந்தயத் திடலில் இறங்கியது. ஊர்க்காரர்கள் கார்களை வரிசையாக நிறுத்தி விளக்குப் போட்டுக் கொடுத்தார்கள். விடிந்து பார்த்தால் சக்கரம் சேற்றில். முந்நூறு பேர் கயிறு கட்டி இழுத்தார்கள். வெளியே வந்துவிட்டது; ஆனால் அந்தச் சகதியில் ஓடி எழும்ப வேண்டுமே! இறக்கு தபாலை. இறக்கு பயணிகளை. பாதி உலகம் சுமந்து வந்தவர்களை மெல்பர்னுக்குக் கூப்பிடு தூரத்தில் இறக்கிவிட்டார்கள். முன்பு மறக்கப்பட்டாரே, அவருக்கு இது இரண்டாம் தடவை.

காமெட்டுக்கு முதலிடம், 71 மணி நேரம். நாரைக்கு இரண்டாம் இடம், 90 மணி நேரம்; கூட்டிக் கழித்துப் பார்க்கும் ஹேண்டிகேப் பிரிவில் முதல் பரிசு. பயணிகள் விமானமே பந்தய விமானங்களை ஓரங்கட்டிவிட்டது என்று உலகம் கொண்டாடியது. எல்லைக்கோட்டைத் தொட்டபோது உள்ளே ஒரு பயணிகூட இல்லை.

இப்போது சுபாங்கிலிருந்து அலோர்ஸ்டாருக்கு ஏடிஆர் 72 பறக்கிறது. பின்கதவு வழியாகத்தான் ஏற வேண்டும். கூட்டம் வால் பக்கம் சேர்ந்து விமானம் குந்திவிடக் கூடாது என்று அடியில் ஒரு முட்டுக்கம்பு நிறுத்துகிறார்கள். ஆள் குறைந்த நாளில் பணிப்பெண் வந்து, “அங்கிள், போலே பிண்டா பெலாகாங்?”, பின்னால் மாறி உட்கார முடியுமா என்று பணிவாகக் கேட்பாள். அங்கிள் பெல்ட்டை அவிழ்த்துக்கொண்டே பக்கத்து சீட்டைத் தட்டுவார். “நீங்களும் எழுந்திரிங்க சம்பந்தி, என் ஒருத்தன் கனம் பத்தலையாம்.”